கொஞ்சம் கிரீஸ்

மற்ற திருகாணிகள் எல்லாம் வந்துவிட்டன. ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது.

“அழுத்தாதீங்க அத்தான். தலை தேஞ்சிடும். அப்புறம் யாராலயும் கழட்ட முடியாது.”

“எனக்கே பாடமா? ஊர்ல பாதி லிஃப்டைக் கழட்டி மாட்டினவன்டா நான்.”

“அதான் பயமா இருக்கு. அந்தக் கையாலதானே இதையும் தொடறீங்க.”

லிஃப்ட்காரர் மச்சானுக்குத் தெரியாமல் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடியும் திருப்புளியை வைத்தார். இம்முறை திருகாணி சொன்ன பேச்சைக் கேட்டது. செர்வோவின் மூடி கையோடு வந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கறுப்புப் பெட்டி அது. தரையில் நிற்கிறவன் ரேடியோவில் சொல்வதைக் கேட்டு, மேலே பறக்கும் குட்டி விமானத்தின் வால் பலகையை ஏற்றி இறக்குவது அதன் வேலை. உள்ளே ஒரு மோட்டார். ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கும் சில பல்சக்கரங்கள். அவ்வளவுதான். அவற்றில் ஒன்று காலை வாரினால் விமானம் மூக்குக் குப்புற மண்ணுக்கு வந்துவிடும்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறையில் உட்கார்ந்திருந்தார்கள். விமானத்தின் உடல் மேசைமேல் கிடந்தது. இறக்கை கூரையிலிருந்து கயிற்றில் தொங்கியது. அதன் எலும்புக்கூட்டின்மேல் மஞ்சள் பிலிம் இழுத்து ஒட்டியிருந்ததால், ஜன்னல் வெயில் அதற்குள் புகுந்து வெளியேறி அறை முழுவதும் மஞ்சளாகத் தேங்கிக் கிடந்தது. பறக்கும் மரத்தூள்கூட மஞ்சள். லிஃப்ட்காரரின் மனைவி வாசலில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம், “என்ன, மாமனுக்கும் மச்சானுக்கும் ஒண்ணாவே மஞ்சக்காமாலை வந்துடுச்சா?” என்பாள்.

இன்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. நேற்று மாலை நடந்த சண்டை அப்படி.

இறக்கையில் பிலிம் ஒட்ட இஸ்திரிப் பெட்டியின் சூடு வேண்டும். மச்சான் தன் பெட்டி பழுதாகிக் கிடக்கிறதென்று அக்காளின் பெட்டியை எடுத்தான். வேலையை முடித்தான். இருந்த இடத்தில் சமர்த்தாகத் திருப்பி வைத்தான். அடிப்பக்கத்தைத் துடைக்க மட்டும் மறந்துவிட்டான். மருந்துக்கடைக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைக் கோட்டை அவள் தேய்த்தபோது, முதுகுப் பக்கம் கையகலத்துக்கு மஞ்சள் இழுவிக்கொண்டது. “இனிமே என் பொருள்ல கை வெச்சுப் பாரு, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். காலையில் முன்னறையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த தம்பியைத் தாண்டித்தான் அவள் வேலைக்குப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவன் மச்சான். கல்யாணம் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்றே வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அக்காள் வீட்டு முன்னறையே அவன் வீடு. கிடைத்த நேரமெல்லாம் இந்த மஞ்சள் அறையில், அத்தானோடு வாதாடிக்கொண்டு.

இப்போதைய வாதம் பல்சக்கரத்தைப் பற்றி. பெட்ரோல் எஞ்சின் ஓடும்போது விமானம் முழுவதும் குளிர்க்காய்ச்சல் கண்டவனைப் போல் கிடுகிடுவென்று நடுங்கும். வால் பலகை அசையாமல் நிற்கிற நேரத்திலும் செர்வோவுக்குள் ஒரு பல் இன்னொரு பல்லை ஓயாமல் இடித்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் சக்கரம் என்றால் ஒரு நாள் பட்டென்று பல் போய்விடும். ஆகவே உலோகம்தான் போடவேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை என்பது லிஃப்ட்காரரின் கட்சி. ஆட்களைச் சுமந்து போகும் பெட்டிகளோடு காலம் தள்ளியவர் வேறெப்படி நினைப்பார்? பளபளவென்று ஒரு பித்தளை ஜோடியை வாங்கியும் வந்துவிட்டார். மச்சான் அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, “கியர் வாங்கப் போனீங்களா, நகைக்கடைக்குப் போனீங்களா?” என்று கேட்டான்.

“உலோகம்டா. உடையாது.”

“உடையாது, சரி. தேயுமே. மூக்குக் கண்ணாடியோட கீலைப் பாருங்க. அது எங்க உடையுது? ஒரு நாள் பார்த்தா காதுல நிக்காம வழியுது. எப்பத் தேஞ்சுதுன்னு அந்த ஆளுக்கே தெரியாது. பித்தளை அப்படித்தான். உள்ளுக்குள்ள ஆட்டம் கொடுத்துக்கிட்டே இருக்கும், வெளிய சிரிச்சுக்கிட்டு இருக்கும்.”

“சரி. முடிவா என்னதான் சொல்றே?”

“மோட்டாரை ஒட்டின முதல் சக்கரம் மட்டும் பிளாஸ்டிக். அதுக்குப் பாரம் கம்மி. அதிர்ச்சியைக் கொஞ்சம் வாங்கிக்கும். மத்ததெல்லாம் எஃகு. கடைசிச் சக்கரம் கண்டிப்பா எஃகு. பாரம் முழுக்க அதுமேலதான்.”

“விழுந்தா நீதான் போய்ப் பொறுக்கிட்டு வரணும்.”

“விழாது.”

லிஃப்ட்காரர் விட்டுக்கொடுத்தார். மச்சானிடம் விட்டுக்கொடுப்பதில் அவருக்கு ஒரு ரகசிய சுகம் உண்டு; வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். கிரீஸ் குழாயின் மூடியைத் திறந்தார்.

“கிரீஸ் ஜாஸ்தி வைக்காதீங்க அத்தான்” என்றான் மச்சான்.

அந்த நேரம் பார்த்து ஒரு திருகாணி மேசையிலிருந்து உருண்டது. லிஃப்ட்காரர் குனிந்து மேசைக்கு அடியில் போனார். தரையெல்லாம் மரச்சீவல். உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவிக்கொண்டே போனார். எதிரே மச்சானின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒன்று செருப்பிலிருந்து நழுவி வெளியே இருந்தது. விரல்கள் சற்றே மடங்கி, தண்ணீரின் குளிர்ச்சியைத் தொட்டுப் பார்ப்பவை போல. திருகாணி அகப்பட்டது.

“கிடைச்சிடுச்சுடா” என்று நிமிர்ந்தார்.

மச்சான் விமானத்தின் முதுகில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தான். உள்ளே யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்கிறவனைப் போலிருந்தான். கண் பாதி திறந்திருந்தது.

“நடிக்காதே. டீ வேணும்னா வாயைத் திறந்து கேளு” என்றார் லிஃப்ட்காரர்.

*

அதற்குப் பிறகு நடந்தவை வரிசையாக நடந்தனவா, ஒரே சமயத்தில் நடந்தனவா என்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் ஓடி வந்தவர் மாடி வீட்டம்மா. பிறகு ஆம்புலன்ஸ். வந்த பையன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான், நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்தான், பிறகு லிஃப்ட்காரரின் முகத்தைப் பார்க்காமல் இறக்கையை அண்ணாந்து பார்த்தான். “போயிட்டாருங்க” என்று இறக்கையிடம் சொன்னான்.

கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தார்கள். நாற்காலிகள் ஓரமாகப் போயின. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லோருடைய குரலும் பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. இரண்டு மாடிக்கு நடுவே கரண்ட் போய் நின்றுவிட்ட லிஃப்ட்டின் உள்ளே இப்படித்தான் இருக்கும் என்று லிஃப்ட்காரர் நினைத்தார். மேலேயும் வாசல் இல்லை, கீழேயும் இல்லை. வெளியே யார் யாரோ நடக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

மனைவி கோட்டைக் கழற்றாமலே ஓடி வந்தாள். கூட்டம் வழிவிட்டது. அவள் அழவில்லை. தம்பியின் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் நெற்றியில் ஒட்டியிருந்த மரத்தூளைச் சுட்டுவிரலால் தள்ளிவிட்டாள். குனிந்த முதுகில் அந்த மஞ்சள் இழுவல் எல்லோருக்கும் தெரிந்தது. லிஃப்ட்காரர் பின்னால் போய் நின்று மறைத்துக்கொண்டார்.

தலையைத் தூக்காமலே அவள் கேட்டாள். “என்னைக் கேட்டானா?”

அவர் வாயைத் திறப்பதற்குள் மாடி வீட்டம்மா முந்திக்கொண்டார். “கேக்காம இருப்பாராம்மா? அக்கா, அக்கான்னுதான் கடைசி வரைக்கும். அந்த வார்த்தையோடதாம்மா போனாரு.”

நல்ல மனுஷி. ஒரு பொல்லாப்புக்கும் போகாதவர். அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது மச்சானின் கை ஏற்கெனவே குளிர்ந்துகொண்டிருந்தது. லிஃப்ட்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார். ஆறுதல்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

மதியத்துக்குள் அந்த ஒரு வார்த்தைக்குக் கை கால் முளைத்துவிட்டது. வாசலில் ஒருவர் இன்னொருவரிடம், “அக்காவைக் கூட்டிட்டு வாங்கன்னு கெஞ்சினாராம்” என்றார்.

“கண்ணு ரெண்டும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்துச்சாம்.”

“கூடப் பிறந்த பாசம்னா அதுதாங்க.”

லிஃப்ட்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். மச்சானைத் தாங்கிப் பிடித்தபோது கையிலிருந்த கிரீஸ் குழாய் பிதுங்கிவிட்டிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்களில் இன்னும் மினுமினுத்தது.

பல் டாக்டர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் விமானம் விடும் கூட்டத்தில் ஒருவர். விசும்பிக்கொண்டே மச்சானின் காலடியில் நின்றார். பிறகு லிஃப்ட்காரரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். “கடைசியில எதைத்தான் முடிவு பண்ணினாரு?”

“முதல் சக்கரம் பிளாஸ்டிக். மத்தது எஃகு.”

“நான் சொன்னேன், கேக்கலை பாருங்க. முழுக்க எஃகு போடுய்யான்னு…” பாதியில் நிறுத்திக்கொண்டார். தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்ததுபோல. “மன்னிச்சுக்குங்க. என்ன பேசறதுன்னே தெரியலை.”

“பரவாயில்ல டாக்டர். அவன் இருந்தா இந்நேரம் உங்களோட சண்டைக்கு வந்திருப்பான்.”

எதிரே சுவரோரம் உட்கார்ந்திருந்த மனைவி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து சமையலறைக்குப் போனாள். போகும்போது கணவரைப் பார்த்த பார்வையில் ‘வாங்க’ என்றிருந்தது.

கதவைச் சாத்தினாள். “எத்தனை தடவை கூப்பிட்டான்?”

“என்னம்மா?”

“என்னை எத்தனை தடவை கூப்பிட்டான்னு கேக்கறேன்.”

அவர் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தார். குடிக்கவில்லை.

“போன் பண்ணியிருக்கலாமேங்க. கடை எங்க, அடுத்த தெருவுலதானே இருக்கு. ஓடி வந்திருப்பேனே.”

“நேரம் இல்லம்மா. கண் மூடித் திறக்கறதுக்குள்ள…”

“கூப்பிடறதுக்கு அவனுக்கு நேரம் இருந்துச்சே” என்றாள் அவள். “மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொன்னேன். நெசமாவே வர மாட்டாளோன்னு நினைச்சுக்கிட்டே போயிருப்பான். அதான் வாசலையே பார்த்திருக்கான்.”

வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். வண்டி வந்துவிட்டது.

*

எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாம் முடிந்தது. திரும்பி வரும் வழியில் வெயில் சாய்ந்து, தெருக்கள் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தன. எங்கோ ஒரு ஸ்கூட்டர் சீறியது. விமானத்தின் எஞ்சின் என்று ஒரு கணம் நினைத்து லிஃப்ட்காரர் அண்ணாந்து பார்த்தார். ஆகாயம் சும்மா இருந்தது.

வண்டியில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. தம்பி கூப்பிட்டதை அவள் தனக்குள் கேட்டுப் பார்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை. இனி ஒவ்வொரு நாளும் அவன் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். இவள் ஒவ்வொரு நாளும் வராமலே இருப்பாள்.

லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களின் குரல்கள் அவருக்கு நினைவு வந்தன. எத்தனையோ இருட்டுப் பெட்டிகளின் கூரைமேல் ஏறி நின்று அவர் அவற்றைக் கேட்டிருக்கிறார். கயிறு அறுந்துவிட்டது, கதை முடிந்தது என்றே உள்ளே இருப்பவர்கள் நம்புவார்கள். அப்படி நம்பியவர்கள் என்ன பேசினார்கள்? அடுப்பை அணைத்தேனா என்று ஒரு அம்மாள் கேட்டாள். செருப்பு புதுசு, கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளட்டுமா என்று ஒருவர் கேட்டார். ஒரு வக்கீல், நடுங்குகிற குரலில், இந்த லிஃப்ட்டுக்கு எப்போது பெயின்ட் அடித்தீர்கள் என்று விசாரித்தார். பிள்ளை பெண்டாட்டி பெயரைச் சொல்லிக் கதறியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் குறைவு. பெரும்பாலானவர்கள் கையில் அந்த நேரம் எது இருந்ததோ அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

இவளிடம் இதைச் சொன்னால் புரியுமா என்று யோசித்தார். சொல்லத் தொடங்கினால் மற்றதையும் சொல்ல வேண்டும். ‘உன் பேரை அவன் எடுக்கவே இல்லை’ என்று இன்றைக்கு ஒரு அக்காளிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

வீட்டுக்கு வந்து குளித்ததும் உறவினர்கள் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்தார்கள். லிஃப்ட்காரர் பின்பக்கம் போய்த் தகர அறையின் கதவைத் திறந்தார். மேசைமேல் செர்வோ திறந்தபடியே கிடந்தது. பக்கத்தில் ஒரு பழைய லென்ஸ் மூடியில் சக்கரங்கள். எல்லாவற்றின்மேலும் கிரீஸ் கொட்டிக் கிடந்தது. மாலை வெயில் இறக்கையைத் தாண்டி வரவில்லை. அறை வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. அவர் தம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மனைவி வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

“இங்கதானா?” என்றாள்.

“ம்.”

அவள் உள்ளே வந்தாள். எதிர் ஸ்டூலைப் பார்த்தாள். அதில் உட்காரலாமா என்று ஒரு கணம் தயங்கி, பிறகு உட்கார்ந்தாள்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார் லிஃப்ட்காரர். “மாடி வீட்டம்மா வரும்போது எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அவங்க எதையும் கேக்கல. இங்க நான் மட்டும்தான் இருந்தேன்.”

அவள் ஸ்டூலை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டாள்.

“அவன் உன்னைக் கூப்பிடலம்மா.”

“ஒரு தடவைகூடவா?”

“ஒரு தடவைகூட இல்ல. யாரையுமே கூப்பிடல. வாசலையும் பார்க்கல. வலின்னுகூடச் சொல்லல. நான் கீழே குனிஞ்சேன். நிமிர்ந்தா இல்ல.”

“அப்போ கடைசியா என்னதான் பேசினான்?”

லிஃப்ட்காரர் லென்ஸ் மூடியைப் பார்த்தபடியே சொன்னார். “கிரீஸ் ஜாஸ்தி வைக்காதீங்க அத்தான்னான்.”

கூரைத் தகரம் வெயிலின் சூடு தணிந்து எங்கோ ஒரு தரம் டக்கென்றது. மனைவி தன் முழங்கையை மேசையில் ஊன்றினாள்.

“கோவமா இருந்தானா? காலையில நான் பேசாம போனேனே.”

“கோவமா?” அவர் யோசித்துப் பார்த்தார். இதையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. “தெரியலம்மா. அந்தப் பேச்சையே எடுக்கல. நகைக்கடைக்குப் போனீங்களான்னு என்னைக் கிண்டல் பண்ணினான். பித்தளை எப்படித் தேயும்னு ஒரு பிரசங்கம் பண்ணினான். நான் உன் இஷ்டம்னு விட்டுட்டேன். அவன் மூஞ்சியைப் பார்க்கணுமே நீ. ஜெயிச்சுட்டான்ல.”

“இளிச்சிருப்பான்.”

“இளிச்சான்.”

“அந்தப் பல்லு ரெண்டும் வெளிய தெரிய.”

“ஆமா.”

அவள் தொண்டையில் ஒரு சத்தம் எழுந்தது. சிரிப்பென்று ஆரம்பித்து, என்னவென்று தெரியாமல் நின்றது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“தடிப்பய” என்றாள். “அக்கா ராத்திரியெல்லாம் தூங்காமப் புரண்டுக்கிட்டு இருந்திருக்கா. இவருக்குக் கிரீஸ்.”

பிறகு லென்ஸ் மூடியைத் தன் பக்கம் இழுத்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். “என்னங்க இது? இவ்வளவா வைப்பாங்க?”

“அவனைப் பிடிக்கப் போனேனா, குழாய் பிதுங்கிடுச்சு.”

“துடைக்கணுமா?”

“துடைச்சாத்தான் நல்லது. ஜாஸ்தி இருந்தா தூசியை இழுத்து வெச்சுக்கும். பல்லைத் தின்னுடும்.”

அவள் எழுந்துபோய்ப் பஞ்சு எடுத்துக்கொண்டு வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் விரல்கள். பஞ்சைத் திரித்துக் கூராக்கி, ஒவ்வொரு பல்லின் இடுக்கிலும் விட்டு எடுத்தாள். அவர் வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். வெளியே யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். “வர்றோம்” என்றாள் அவள், எழுந்திருக்கவில்லை.

“இதுதான் அந்தப் பிளாஸ்டிக்கா?”

“ஆமா. மோட்டாரை ஒட்டினது. அது முதல்ல.”

“பல் டாக்டர் வேண்டாங்கறாரே?”

“அவரு சொல்லுவாரு.”

“இவன் சொன்னதையே போடுங்க” என்றாள். “ஒரு துளி வெச்சாப் போதுமா?”

“போதும்.”

தீக்குச்சி நுனியில் எடுத்து அவள் நீட்டினாள். அவர் தொட்டுத் தொட்டு வைத்தார். வெள்ளைச் சக்கரம் உட்கார்ந்தது. அதன்மேல் எஃகுச் சக்கரம், அதன் தோளில் அடுத்தது. கடைசியில் பெரிய சக்கரம். மூடியைப் போடுமுன் அவள் விரல் நுனியால் அந்த வெள்ளைச் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தாள். சுற்றியது. மேலும் தள்ளினாள். அடியில் அது எத்தனையோ சுற்றுச் சுற்றியும், மேலே பெரிய சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்பது போலிருந்தது.

“இது அசையலையே.”

“அசையுது. உத்துப் பாரு.”

அவள் குனிந்து பார்த்தாள். விடாமல் தள்ளிக்கொண்டே இருந்தாள். அவர் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பக்கச் சுவருக்கு அப்பால் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சற்றைக்கெல்லாம் மாடித் தொட்டி நிரம்பி, தகரக் கூரைமேல் சளசளவென்று வழியத் தொடங்கியது. மோட்டாரை நிறுத்த மாடி வீட்டம்மா எப்போதும் மறந்துவிடுவார்.